முன்வரிசை நாற்காலி

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பயிற்சி. பாதிப் பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குக் காய்ச்சலாம், பிறந்தநாளாம், நீச்சலாம். யாக்கோப்பு அண்ணை பங்குக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு என்னை அறிமுகப்படுத்தினார்: "தம்பி டிலுக்சன் நோர்வேயில பெரிய கொண்டக்டரா இருந்தவர்." அந்த மனிதர் மிகுந்த மரியாதையோடு, "எந்த றூட்டில தம்பி?" என்று கேட்டார்.

பஸ்ஸில் கிங்ஸ்பரிக்கு வரும்வரை அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தேன். சிரிப்புப் போய்விட்டது.

ஏப்ரலில் இங்கே லண்டனில், சட்டன் என்ற இடத்தில் நடக்கும் சிறுவர் பாடகர் குழாம்களின் போட்டிக்கு நானும் ஒரு நடுவர். பங்குபற்றும் குழாம்களின் பெயர்களை அனுப்பியிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: ஹாவ்னெஸ் சிறுவர் குழாம், நோர்வே. நெறியாளர்: ஹோகன்.

என் குழாம்.

பெப்ரவரி 10

முதலில் நோர்வேஜிய மொழியில் எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். அந்த மொழியில் என் கோபம்கூட வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கிறது. இது தமிழில்தான் வரும்.

மன்னாரிலிருந்து பத்து வயதில் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தேன். ஹாவ்னெஸ் துறைமுகத்தில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பிள்ளை பின்னேரத்தில் தனியே வீட்டில் இருக்கக்கூடாது என்று தேவாலயத்துச் சிறுவர் குழாமில் கொண்டுபோய் விட்டார். மொழி வருமுன் பாட்டு வந்தது. குரல் உடைந்த பிறகு பியானோ. பிறகு ஒஸ்லோவில் படிப்பு. இருபத்தாறு வயதில் அதே குழாமுக்கு நெறியாளனாகத் திரும்பினேன். ஒரே வாங்குப் பலகையில் அடங்கிய பையன்களோடு தொடங்கினேன். பதின்மூன்று வருடத்தில் பீடத்தின் படிகள் முழுக்க நிற்கும் அளவுக்கு வளர்த்தேன். ஹோகனைத் துணை நெறியாளனாகத் தெரிந்தெடுத்ததும் நான்தான். எங்கள் வீட்டில் சோறும் மீன்குழம்பும் கையால் பிசைந்து சாப்பிடப் பழகியவன்.

2019 ஒக்டோபரில், ஊருக்குத் திரும்பியிருந்த அப்பா மன்னாரில் இறந்தார். மூன்று வாரம் போய் நின்றேன். அதற்குள் ஹோகன் பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டி ஒரு வாக்கியம் சொன்னான்: "டிலுக்சனோடு தனியாக இருக்கும்போது சில பையன்களுக்கு..."

அவ்வளவுதான். அதோடு நிறுத்திவிட்டானாம். என்ன என்று யாரோ கேட்டபோது, வேண்டாம், விடுவோம் என்றானாம்.

சிறுவர் குழாம் நடத்தும் ஒரு ஆணைக் கொல்ல அதைவிட வேறு என்ன வேண்டும்? எந்தப் பையனும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் கண்டிப்பானவன், பிந்தி வந்தால் வாசலில் நிறுத்துவேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் மயூரா என்ற ஒரு தாய் மட்டும் எழும்பி, வாக்கியத்தை முடித்துவிட்டு இரு என்று அவனிடம் சொன்னாளாம். எங்கள் தமிழ் ஆள், அவளுடைய மகன் அபிஷன் அப்போதுதான் சேர்ந்திருந்தான். ஹோகன் முடிக்கவில்லை.

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து பயிற்சி மண்டபக் கதவில் என் திறப்பு அட்டையை வைத்தேன். பச்சை விளக்கு எரியவில்லை.

நிர்வாகசபை விசாரித்தது. ஒன்றும் இல்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. டிசம்பரில் கேக் வெட்டி விடை கொடுத்தார்கள். முன்வரிசையில் ஒரு தனி நாற்காலி போட்டு என்னை இருத்தினார்கள். ஹோகன் கையசைக்க, என் பையன்கள் எனக்கே பாடினார்கள்.

நான் கைதட்டினேன். அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை — கைதட்டின என்ர கையை.

பெப்ரவரி 12

என் மனைவி றொசானாவிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவர் வேலையை விட்டுவிடுங்கள் என்றாள். மாட்டேன் என்றேன். "அப்ப என்ன செய்யப்போறியள்?" என்றாள்.

தெரியாது என்றேன். பொய். பழி தீர்க்கப்போகிறேன்.

மார்ச் 3

போட்டி ஒழுங்காளர் தொலைபேசியில் பேசினார். முன்பு நான் அந்தக் குழாமின் நெறியாளனாக இருந்ததால் ஹாவ்னெசின் சம்மதத்தைக் கேட்டாராம். ஹோகனே பதில் எழுதினானாம்: ஆட்சேபனை இல்லை, டிலுக்சனைவிட நேர்மையான காது எனக்குத் தெரியாது.

என்ர நேர்மைக்கு அவன் சான்றிதழ் குடுக்கிறான்! ஐந்து வருசமா எத்தனை குழாம்களுக்கு விண்ணப்பம் போட்டன். ஒஸ்லோ, கோப்பன்ஹேகன், இஞ்ச லண்டனிலும். எல்லாரும் ஹாவ்னெசுக்கு ஒருக்கா போன் எடுத்துக் கேப்பினம். அங்கால ஒரு மௌனம். பிறகு எனக்கு ஒரு நன்றிக் கடிதம். அப்ப எங்க போனது இந்தச் சான்றிதழ்?

பாத்திரம் கழுவும்போது ஒரு கோப்பை உடைந்துவிட்டது. மாமி, றொசானாவின் தாய், தும்புத்தடியை எடுத்துவந்து கூட்டி அள்ளினார்.

மார்ச் 19

பள்ளிக்கூடத்தில் பதில் ஆசிரியராக இரண்டு வகுப்பு. குழந்தைகளுக்குத் தாளம் சொல்லிக் கொடுக்கும்போதும் மனதில் புள்ளிகள்தான் ஓடின. சுருதிக்கு எவ்வளவு குறைக்கலாம், உச்சரிப்புக்கு எவ்வளவு. யாருக்கும் சந்தேகம் வராத அளவு. மருந்து கலப்பவனைப்போலக் கணக்குப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

சட்டன். வெயில்.

காலை இடைவேளையில் தேத்தண்ணி மேசையருகில் ஹோகன் வந்து நின்றான். முடி உதிர்ந்திருக்கிறது. கைகொடுத்தான்; கொடுத்தேன். நல்லாய் இருக்கிறாயா என்று கேட்டான். நல்லாய் இருக்கிறேன் என்றேன். கோப்பையை எடுத்துக்கொண்டு நடுவர் மேசைக்குப் போனேன்.

பிறகு அவர்கள் பாட ஏறினார்கள். அந்த நீலச் சட்டைகள். அபிஷன் வளர்ந்து பின்வரிசைக்குப் போய்விட்டான், குரல் உடைந்திருக்கும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நல்லாய்ப் பாடுவார்கள், நான் புள்ளியை வெட்டுவேன் — இதுதானே திட்டம்.

பாட்டு மோசமாக இருந்தது.

இரண்டாவது அடியிலேயே சுருதி இறங்கத் தொடங்கிவிட்டது. மேல்குரல்கள் கத்தின. ஒருவரை ஒருவர் கேட்காமல் எல்லோரும் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பையன் மூச்சு எடுக்க இடமில்லாமல் வாயை மட்டும் அசைத்தான். நான் சொல்லிக் கொடுத்த எதுவுமே அவர்களிடம் மிஞ்சியிருக்கவில்லை.

நேர்மையாகப் புள்ளி போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால், மார்ச்சில் நான் கள்ளமாகக் கணக்குப் போட்டு வைத்ததைவிடக் குறைவு. மற்ற நடுவர்களும் என்னைப்போலவே போட்டிருந்தார்கள். ஹாவ்னெஸ் கடைசி.

முடிவு வாசித்தபோது பையன்கள் அழுதார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 27

ஒரு சந்தோசமும் இல்லை. அவன் தானாக விழுந்தான். நான் தள்ளவில்லையே. ஐந்து வருடம் ஓங்கி வைத்த கை சும்மா தொங்குகிறது.

மே 12

பெரிட் போன் எடுத்தாள். நிர்வாகசபைத் தலைவி. அன்று எனக்குக் கேக் வெட்டித் தந்தவள். சட்டன் முடிவு ஹாவ்னெஸ் பத்திரிகையில் பெரிதாக வந்துவிட்டதாம். பையன்கள் விலகுகிறார்களாம். சுற்றி வளைக்காமல் கேட்டாள்: திரும்பி வருவாயா?

யோசிக்க வேண்டும் என்றேன். நேரில் வந்து பேசு என்றேன்.

தொலைபேசியை வைத்தேன். கட்டிலில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். எழும்பியபோது தெளிவாக இருந்தது. இந்த முறை நான்தான் தள்ளப்போகிறேன்.

மே 24, சனி

பெரிட் வந்தாள். கிங்ஸ்பரி ரோட்டில் எங்கள் ஆட்களுடைய சாப்பாட்டுக் கடையில் இருத்தினேன். மட்டன் ரோல் கடித்து, உறைப்பில் கண்ணீர் வர, தண்ணீர் குடித்துக்கொண்டே என்னுடைய நிபந்தனைகளைக் கேட்டாள்.

ஒன்று: என்மீது சொல்லப்பட்டது பொய் என்று சபை பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். சரி என்றாள். ஐந்து வருடம் முடியாதது ஒரு ரோல் முடியுமுன் முடிந்தது.

இரண்டு: நான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் ஹோகன் போக வேண்டும். அதற்கும் சரி.

மூன்றாவதைச் சொன்னேன். அவனுக்கும் பிரியாவிடை வைக்க வேண்டும். முன்வரிசையில் தனி நாற்காலி. வேறு யாராவது கையசைக்க, பையன்கள் அவனுக்குப் பாட வேண்டும்.

பெரிட் என்னையே பார்த்தாள். "இது கொடூரம், டிலுக்சன்."

"எனக்கு நீங்கள் செய்தபோது அதற்குப் பெயர் பிரியாவிடை," என்றேன்.

சம்மதித்தாள். போகும்போது கட்டிப்பிடித்து, செப்டெம்பரில் பார்ப்போம் என்றாள். பார்ப்போம் என்றேன். நான் போகப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியாது.

மே 25

றொசானாவுக்கு முழுவதையும் சொன்னேன். ஹோகன் போன பிறகு, பயிற்சி தொடங்க இருக்கும் நேரத்தில், வரமாட்டேன் என்று சொல்லப்போவதையும்.

உடுப்பு மடித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கட பேரைத் துடைச்சுத் தரட்டும். அது உங்கட உரிமை. அதோட விடுங்கோ."

விடமாட்டேன் என்றேன்.

"அந்தப் பிள்ளையள் உங்களுக்கு என்ன செய்தவை?"

பாடினவை, என்றேன். அவன் கையசைக்க என்ர முகத்துக்கு முன்னால நிண்டு பாடினவை. சொல்லும்போதே பிழை என்று தெரிந்தது. அப்போது நின்றவர்களில் பாதிப் பேருக்கு எட்டு வயது. இப்போது பாடுகிறவர்களில் பெரும்பாலானோர் அன்று அங்கு இருக்கவே இல்லை. ஆனாலும் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை.

ஜூன் 13

அறிவித்தல் வந்துவிட்டது. "2019இல் எமது முன்னாள் நெறியாளர் மீது கூறப்பட்டது ஆதாரமற்றது. சபை அதை அன்றே அறிந்திருந்தும் மௌனம் காத்தது. மன்னிப்புக் கோருகிறோம்."

மூன்று வசனம். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். இதைப் பார்க்க அப்பா இருந்திருக்கலாம்.

ஜூன் 22

நேற்று ஹோகனுக்குப் பிரியாவிடை. யாரோ எடுத்த காணொளியை மயூரா அனுப்பியிருந்தாள். நாற்காலியில் இருக்கிறான். முழங்காலில் கேக் தட்டு. பையன்கள் பாடுகிறார்கள். அவன் கைதட்டவில்லை. தட்டைப் பார்த்தபடியே இருந்தான்.

எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. றொசானா வந்து போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

நன்றாக இருந்தது. மறைக்கவில்லை. மிக நன்றாக இருந்தது.

ஜூலை 8

ஹோகன் போன் எடுத்தான். நான் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம்; ஆனால் அவன் குரல் எப்படிக் கேட்கும் என்று அறிய ஆசை.

திட்டவில்லை. கெஞ்சவுமில்லை. நாற்காலி உன்னுடைய யோசனையா என்று கேட்டான். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவனுக்கு விளங்கியது, எங்கள் வீட்டில் கேட்டுப் பழகிய சொல்தானே.

"அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். நீ எப்போதாவது போவாய் என்று காத்திருந்தேன், நீ போகவில்லை," என்றான். பிறகு, "ஆனால் நான் பொய் சொல்லவில்லை, டிலுக்சன். அந்த வாக்கியத்தை நான் முடிக்கவே இல்லை."

"முடித்திருந்தால் மறுத்திருப்பேன்," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். அழுதானா தெரியாது. கரையோரத்தில் வேறொரு ஊரில் ஒரு கடையில் பியானோ விற்கும் வேலை கேட்டிருக்கிறானாம். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

மயூரா எடுத்தாள். குரலில் ஒரே துள்ளல். அபிஷனுக்குக் குரல் உடைந்து அடங்கிவிட்டதாம், இனிக் கீழ்க்குரலில் பாடுவானாம், தம்பி நிருஜனையும் இந்த முறை சேர்க்கப்போகிறாளாம்.

"டிலுக்சன் அண்ணை, வாறியள்தானே? சனம் கனக்கக் கதைக்குது. உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ."

கூட்டத்தில் எழும்பி நின்ற ஒரே ஆள் இவள். எனக்காக. அவளுடைய கணவன்கூட எழும்பவில்லை.

அவளுக்கு உண்மையைச் சொன்னால் இன்றே பெரிட்டுக்குப் போய்விடும். வேறு ஆளைத் தேட அவர்களுக்கு நேரம் கிடைத்துவிடும்.

"வாறன்," என்றேன்.

ஓகஸ்ட் 18

வேறு என்ன சொல்லியிருக்கலாம்? — ஒன்றுமில்லை. எழுதாமல் விடுகிறேன்.

செப்டெம்பர் 1, திங்கள்

நாளை அங்கே முதல் பயிற்சி. இன்று காலை பெரிட்டுக்கு எழுதினேன். ஒரே வரி: "வேண்டாம், விடுவோம்."

அன்று கூட்டத்தில் ஹோகன் சொன்ன சொற்கள்தான். அவளுக்கும் விளங்கியிருக்கும்.

திரும்பத் திரும்பப் போன் அடித்தாள். நான் எடுக்கவில்லை. மாமியோடு ரோ கிறீன் பார்க்கில் நடந்துவிட்டு வந்தேன். பசி நன்றாக எடுத்தது. மாமி வைத்த கணவாய்க்கறியோடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

செப்டெம்பர் 3

நேற்று மண்டபத்தில் பிள்ளைகள் காத்திருந்தார்களாம். புதியவர்களும், பெற்றோரும். பெரிட் முன்னால் வந்து நின்று நான் வரமாட்டேன் என்று சொன்னாளாம். இதை எனக்குச் சொன்னது மயூரா இல்லை; பத்திரிகை.

மயூரா ஒன்றும் எழுதவில்லை.

ஒக்டோபர் 11

ஹாவ்னெசுக்கு நெறியாளராக வர யாருக்கும் விருப்பமில்லையாம். அந்த அறிவித்தலை எல்லோரும் வாசித்திருக்கிறார்கள். ஒரு நெறியாளனை இப்படி நடத்திய சபை நாளை எங்களை என்ன செய்யும் என்கிறார்களாம். இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு குளிர்காலம் தவிப்பார்கள், பிறகு யாராவது வருவார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மையாக அப்படித்தான் நினைத்தேனா?

ஒரே வீட்டில் நானும் றொசானாவும் கால் சத்தம் கேட்காமல் நடக்கிறோம்.

நவம்பர் 7

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. தென் லண்டனில் ஒரு பழைய தேவாலயம். நல்ல சிறுவர் குழாம். ஜனவரியில் தொடக்கம். நேர்முகத்தில் ஹாவ்னெஸ் அறிவித்தல் அவர்கள் முன்னால் இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. துடைத்த பெயர் எவ்வளவு இலகுவாகக் கதவைத் திறக்கிறது.

யாக்கோப்பு அண்ணை பங்கில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். "தம்பி திரும்பக் கொண்டக்டர்." நான் கேக் சாப்பிடவில்லை. சீனி கூட என்றேன்.

நவம்பர் 29, சனி

ஹாவ்னெஸ் சிறுவர் குழாமைக் கலைக்கச் சபை நேற்று முடிவெடுத்ததாம். இருந்த கொஞ்சப் பேரில் சிலர் வேறு குழாமுக்கு, சிலர் உதைபந்துக்கு.

மாலை மயூரா எடுத்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏசவில்லை.

"அபிஷன் பாட்டை விட்டிட்டான். சின்னவன் தொடங்கவேயில்லை. உங்களிட்ட ஒண்டும் கேக்க இல்லை அண்ணை. நீங்கள் வாறன் எண்டதை நான்தான் வீடு வீடாச் சொன்னனான். அதைச் சொல்லத்தான் எடுத்தன்."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். வைத்துவிட்டாள்.

ஹோகனோட எனக்குக் கணக்குச் சரி. பெரிட்டோட சரி. இவளோட? இவளுக்கு நான் ஆர்?

டிசம்பர் 3

மயூராவுக்கு எழுதினேன். பதில் இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

மாமி பலகாரத்துக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். பாலன் பிறப்புப் பாட்டு ஏதும் போடச் சொன்னார். கை தன்னால் போனில் ஹாவ்னெஸ் வானொலியைத் தட்டியது. நத்தாருக்கு முந்திய ஞாயிறு, இந்த நேரத்துக்கு, எங்களுடைய இசை நிகழ்ச்சியை நேரடியாக ஒலிபரப்புவார்கள். எத்தனையோ வருடம் அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

அறிவிப்பாளர், இந்த முறை 2014ஆம் ஆண்டு ஒலிப்பதிவு என்றார். நெறியாளர் என்று என் பெயரைச் சொன்னார்.

பாட்டுக்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது. என்னுடைய மூச்சு. கையை உயர்த்தும்போது நான் இழுக்கிற மூச்சு. பிறகு எல்லாக் குரலும் ஒன்றாக, ஒரே குரலாக. சுருதி அசையவில்லை. முன்வரிசையில் நின்ற ஒவ்வொரு முகமும் ஞாபகம் வந்தது. அன்று ஹோகன் பக்கத்தில் நின்று எனக்காகத் தாள் புரட்டினான்.

மாமி மா ஒட்டிய கையை அந்தரத்தில் பிடித்தபடி நின்று கேட்டார்.

"என்ன வடிவாப் பாடுறாங்கள். உங்கட பெடியளோ தம்பி?"

"ஓம் மாமி."

"இப்பவும் பாடுறாங்களோ?"

"இல்லை."

"ஏன் நிப்பாட்டினவை?"

றொசானா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"பாட்டு முடியட்டும் மாமி," என்றேன்.